தமிழ் தெரியாத மெசின்

அத்தியாயம் 14

நானும் கை தட்டினேனே.

மற்றவர்கள் தட்டியதை விட்டுவிடலாம். அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நிரூபா டீச்சர் தட்டவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். என் கை மட்டும் ஏன் எழுந்தது? யார் பழக்கி வைத்தார்கள் அதை?

ஜெனிதாவின் விரல்கள் கொழுந்தை ஒடித்துக்கொண்டிருந்தன. இரண்டு இலை, ஒரு மொட்டு. விரல் வேறு, மனம் வேறு என்று பிரிந்துபோய் மூன்று நாளாகிறது. சனிக்கிழமையிலிருந்து அவள் யாருடனும் சரியாகப் பேசவில்லை. வீட்டில் அதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

சனிக்கிழமை ஹட்டன் மண்டபத்தில் நடந்தது இவ்வளவுதான். "இணையப் பக்கம் உருவாக்குவதில் முதலிடம், மரியநாயகம் அன்டன்" என்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அவள் புருஷன் அன்டன் எழுந்தான். கலியாணத்துக்குத் தைத்த காற்சட்டையை ஒருமுறை இழுத்து விட்டுக்கொண்டு மேடைக்குப் போனான். தோட்டத்துப் பெரிய துரையின் கையிலிருந்து சான்றிதழை வாங்கினான். துரை அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்டன் திருடனைப்போலப் போகவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சம்பள நாளில் ஆபிஸ் ஜன்னலுக்குப் போவானே, அதே நடை. பக்கத்துத் தோட்டங்களில் மாறிவிட்டது என்கிறார்கள். இங்கே இன்னும் பெண்கள் கொழுந்து எடுப்பார்கள், புருஷன்மார் வரிசையில் நின்று சம்பளம் வாங்குவார்கள். புருஷன் இல்லையென்றால் தகப்பன். தகப்பன் இல்லையென்றால் மகன். ஜன்னலுக்குள்ளிருந்து 'ஜெனிதா' என்று கூப்பிடுவார்கள். வெளியிலிருந்து அன்டனின் கை நீளும்.

மண்டபத்திலோ கூப்பிட்ட பெயரே அவனுடையதுதான். கை நீட்ட அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

விழா முடிந்து வெளியே வந்தபோது நிரூபா டீச்சர் அவளை ஓரமாக நிறுத்தினாள். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டனில் அறை எடுத்துத் தங்கியிருப்பவள். ஜெனிதாவைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும்.

"நீர் ஏன் எழும்பேல்லை?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கேள்வி மட்டும் ரயிலில் கூடவே வந்து, றொசல்லை ஸ்டேஷனில் இறங்கி, தோட்டத்து லயவீடுகளுக்கு ஏறி, இன்றைக்கு இந்த மலை வரைக்கும் வந்து நிற்கிறது.

"என்னா ஜெனிதா, மாஸ்டர் பொண்டாட்டி இன்னும் மலையிலதானா?" அடுத்த நிரையிலிருந்து மீனம்மா குரல் கொடுத்தாள். "குவாட்டர்சுக்குப் போனா எங்களயெல்லாம் கண்டு பேசுவியா?"

"குவாட்டர்சுல கொழுந்து மொளைக்காது அக்கா. இங்கதான் வரணும்."

"அதெல்லாம் அன்டன் தம்பி பொட்டியில ஒரு தட்டு தட்டுனா கொழுந்து தானா வந்து கூடையில விழுமாம்ல."

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு கீழ் நிரை வரை போய்த் திரும்பி வந்தது.

"நீயும் ஒரு வருஷமா அவரு கூடவேதான் ஹட்டனுக்குப் போன. தையல் படிக்கிறேன்னு. எனக்கு ஒரு சட்டை தச்சுத் தாடின்னு எத்தன தடவ கேட்டேன்? ஊசி கோக்கவாச்சும் தெரியுமா ஒனக்கு?"

"சும்மா இரு மீனம்மா. கங்காணி பாக்குறாரு" என்றாள் சிசிலி.

சிசிலி ஜெனிதாவின் மாமியார். பக்கத்து நிரையில்தான் நின்றாள். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் அந்த முகத்தில் ஒரு பெருமை இருந்ததை ஜெனிதா பார்த்துவிட்டாள். 'மாஸ்டர்' என்ற சொல்லைக் கேட்டபோது வந்த பெருமை.

தையல் என்ற பொய்யைக் கட்டிவிட்டதே சிசிலிதான்.

ஜெனிதா ஒரு முற்றிய இலையைப் பிடுங்கிக் கீழே எறிந்தாள். பிடுங்கும்போது வேண்டியதைவிட அதிக பலம் போட்டாள்.

கம்ப்யூட்டர் வகுப்புக்கு வீட்டுக்கு ஒருவர் என்றுதான் இடம் கொடுத்தார்கள். பெயர்களைத் தோட்டத்து ஆபிஸ் அனுப்பியது. இந்த வீட்டுக்கு அன்டன் பெயர் வந்தது. அவன் தேயிலைக் கொட்டகையில் வேலை செய்கிறவன், கொழுந்து வாட்டுகிற தட்டில். சனி, ஞாயிறில் வகுப்பு. ஆசையாகத்தான் போனான்.

சில வாரம் போனான். ஒருநாள் முதல் வரியை மட்டும் தடித்த எழுத்தில் காட்டச் சொன்னார்கள். தடித்த எழுத்தைத் தொடங்கும் குறியைப் போட்டவன் முடிக்கும் குறியைப் போடவில்லை. பக்கம் முழுவதும் தடித்துக்கொண்டு நின்றது. பக்கத்து மெசினில் இருந்த இரண்டு சின்னப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்கே பிழை என்று தேடித் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "அது வேலையத்தவனுக்கு உள்ளது" என்றான். அடுத்த வாரம் போகவில்லை.

அவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லத்தான் ஜெனிதா போனாள்.

"வந்தனீர்தானே. இருந்து பாரும்" என்றாள் நிரூபா டீச்சர்.

அவன் விட்டுப்போன பக்கம் திரையில் அப்படியே தடித்து நின்றது. டீச்சர் அதன் உள்ளே இருக்கும் வரிகளைத் திறந்து காட்டினாள். "இதுக்குள்ளை ஒரு கதவு திறந்து கிடக்கு. எங்கையெண்டு பாரும்."

ஜெனிதா வெகுநேரம் பார்த்தாள். எதுவும் விளங்கவில்லை. ஆனால் ஒரே மாதிரியான குறிகள் ஜோடி ஜோடியாக வருவது தெரிந்தது. ஒன்று மட்டும் தனியாக நின்றது. அதற்கு ஜோடியாக, குறுக்கே ஒரு சாய்ந்த கோடு போட்ட குறியை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். சேமித்தாள். மறுபடி திறந்தாள்.

முதல் வரி மட்டும் தடித்து நின்றது. மற்றதெல்லாம் இயல்புக்கு வந்துவிட்டது.

அந்த நிமிடத்தை அவள் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லத் தெரியவில்லை. அவள் சொன்ன ஒரு சொல்லை, நீ யாருடைய பெண், யாருடைய பெண்டாட்டி என்று கேட்காமல் ஒரு பொருள் கேட்டு நடந்தது அன்றைக்குத்தான்.

நிரூபா டீச்சர் பலகையில் அதிகம் எழுதமாட்டாள். "எழுதிப் பாரும். சேமியும். திறந்து பாரும். பிழைச்சா மெசின் வெடிக்காது" என்பாள். ஜெனிதா பிழைவிட்டாள். தேயிலைப் பச்சையைப் பின்னணிக்குப் போடப்போய் கண்ணைக் குத்துகிற பாம்புப் பச்சை வந்தது. படம் போடப்போய், படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பெட்டியும் சிவப்புக் குறுக்குக்கோடும் வந்தது. மெசினுக்குள் படத்தை ஒரு கோப்புறையில் வைத்துவிட்டு வேறொரு கோப்புறையில் தேடச் சொன்னது தன் பிழைதான் என்று கண்டுபிடிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. டீச்சர் ஒரு சீடித் தட்டில் கொண்டுவந்த பெரிய பெரிய பக்கங்களை ஜெனிதா திறந்து, உள்ளிருந்து ஒரு வரியை எடுத்துவிட்டு எது சரிகிறது என்று பார்ப்பாள். உடைத்துப் பார்த்துத்தான் எது எதைத் தாங்கி நிற்கிறது என்று கற்றுக்கொண்டாள்.

வீட்டில் ஒரு பழைய தேயிலைப் பெட்டிப் பலகை கிடந்தது. அதில் சோக்கால் கட்டம் போட்டு எழுத்துகளை எழுதி வைத்துக்கொண்டாள். அடுப்பு எரியும்போது பக்கத்தில் வைத்துத் தட்டிப் பழகுவாள். சிசிலி ஒருநாள் அதன்மேல் சுடுசட்டியை இறக்கி வைத்தாள். கட்டத்தில் பாதி அழிந்தது. ஜெனிதா மறுபடி எழுதினாள்.

அன்டன் சனி, ஞாயிறில் அவளோடு றொசல்லையில் ரயிலேறுவான். ஹட்டனில் இறங்கியதும் மரக்கறிக் கடைக்கு மூட்டை தூக்கப் போய்விடுவான். மாலை ஸ்டேஷனில் காத்திருப்பான். லயத்தில் எல்லோருக்கும் அன்டன் கம்ப்யூட்டர் படிக்கிறான், ஜெனிதா தையல் படிக்கிறாள்.

"பேரை மாத்தவேணுமெண்டா கொழும்புக்கு எழுதவேணும். பிறகு பாப்பம்" என்று டீச்சர் சொன்னாள். பிறகு பார்க்கவில்லை. ஜெனிதாவும் கேட்கவில்லை. பெயரில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள். கற்றுக்கொள்வது தன் விரல்தானே.

அந்த நினைப்பின் மேல்தான் இப்போது அவளுக்குக் கோபம்.

கடைசியில் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த ஒன்றைப்பற்றி மூன்று பக்கம் செய்ய வேண்டும் என்றார்கள். அவள் கொழுந்தைப்பற்றிச் செய்தாள். மலை, கொட்டகை, கோப்பை. மலைப் பக்கத்தில் சிசிலியின் கை. வகுப்புக் கமராவைக் கெஞ்சி வாங்கிவந்து எடுத்த படம். சாறு ஏறிக் கறுத்துப்போன விரல் நுனி, வெடிப்பு, அதற்கு நடுவில் இளம்பச்சையாக ஒரு கொழுந்து. கீழே தமிழில் நான்கு வரி.

அதைத்தான் மண்டபத்தில் பெரிதாகத் திரையில் போட்டார்கள். அதைப் பார்த்துத்தான் துரை அன்டனின் கையைக் குலுக்கினார்.

மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்தபோது அன்டன் வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தான். இந்த நேரத்தில் அவன் ஆபிஸில் இருக்க வேண்டியவன். இன்று பின்னேரம் கம்பெனிப் பெரியவர்கள் கொழும்பிலிருந்து வருகிறார்கள். 'நம்ம தோட்டத்து ஆளே செய்தது' என்று துரை அந்தப் பக்கங்களை அவர்களுக்குக் காட்டப் போகிறார். காட்டி முடிந்தால் அன்டனுக்கு ஆபிஸில் வேலை. வேலையோடு குவாட்டர்ஸ். அதற்காகக் காலையிலேயே அந்தப் பக்கங்கள் இருக்கும் பிளாப்பியை எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

"நீ வேணுமுன்னு செஞ்சியா?" என்றான்.

ஜெனிதா கூடையை இறக்கினாள். "எத?"

"எதவா? பெரிய கிளாக்கரு, குகநேசன் ஐயா, பக்கத்துல நிக்கிறாரு. ஆபிஸ்ல உள்ள அத்தன பேரும் சுத்தி நிக்கிறாங்க. தொறந்தேன். ஒரு எழுத்து தமிழ் இல்ல. இங்கிலீசு எழுத்தும் கமாவும் புள்ளியும் கூட்டிக் குமிச்ச குப்ப மாதிரி வருது. அம்மா கை மட்டும் நிக்கிது. அவரு கண்ணாடிய எறக்கிவச்சுக்கிட்டு, 'தம்பி, உது எந்த நாட்டுப் பாசை'ன்னு கேக்குறாரு. எல்லாம் சிரிக்கிறானுங்க."

மறுபடியும் அவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு இளகியது. அடுத்த கணம் பிழை எது என்று தெரிந்துவிட்டது.

பாமினி எழுத்து. தமிழில் காட்டுகிற அந்த எழுத்தை முதலில் மெசினுக்குள் ஏற்றி வைத்திருக்க வேண்டும். ஏற்றாத மெசினில், தமிழுக்காகத் தட்டிய இங்கிலீஷ் எழுத்துகள்தான் அப்படியே தெரியும். வகுப்பில் இருந்த மெசின்கள் எல்லாவற்றிலும் டீச்சர் ஏற்றி வைத்திருந்தாள். அதனால் ஜெனிதாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. 'வேறை மெசினிலையும் திறந்து பாத்துப் பழகும்' என்று டீச்சர் சொல்லியிருக்கிறாள்தான். வேறு மெசினுக்கு அவள் எங்கே போவாள்?

பிழை தன்னுடையது. அதை அவள் தனக்குள் ஒத்துக்கொண்டாள்.

ஆனால் அதோடு நிற்க முடியவில்லை. அந்த ஆபிஸில் எத்தனை தலைமுறையாக எழுதுகிறார்கள். இராமையா, ராக்காயி, செல்லசாமி, நாகலெட்சுமி, மரியநாயகம். தினம் தினம் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கூப்பிடுகிற பெயர்கள். சுற்றியிருக்கிற லயம் முழுக்கத் தமிழ். பெரிய கிளாக்கர் வீட்டில் பேசுவது தமிழ். அந்த மெசினுக்குள் மட்டும் ஒரு தமிழ் எழுத்து இல்லை. ஏற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தேவைப்படவில்லை. தமிழ் தெரியாத மெசினைத் தமிழர்களின் கணக்குக்கு நடுவில் வைத்துவிட்டு, அன்டனைப் பார்த்து எந்த நாட்டுப் பாஷை என்று கேட்கிறார்கள்.

"அந்த மெசினுல தமிழ் எழுத்து ஏத்தல" என்றாள். "ஏத்துனா சரியாயிரும். டீச்சர் அதுக்குக் குடுத்த வேற ஒரு பிளாப்பி நம்மகிட்ட இருக்கு."

அன்டனின் முகம் மாறியது. கோபம் இறங்கி அந்த இடத்தில் அவசரம் வந்தது.

"அப்ப சரி. கேளு. தமிழ் வந்தா மட்டும் போதாதாம். மேல தோட்டத்துப் பேரு போடணுமாம், பங்களாப் படம் சேக்கணுமாம். துரை சொல்லிட்டாரு. கிளாக்கரு இப்ப சோத்துக்குப் போயிருவாரு. மத்தவங்களும் போயிருவாங்க. நீ வா. வந்து சட்டுன்னு செஞ்சு குடுத்துட்டுப் போயிரு."

"நானா?"

"பின்ன நானா?"

சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டிருக்க வேண்டும். பார்வையைத் தண்ணீர்ப் பீலிப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எப்பிடி வாறது?" என்று கேட்டாள் ஜெனிதா.

"எனக்குச் சோறு கொண்டாற மாதிரி வா. கேரியரோட. பின்னால குசினிப் பக்கம் ஒரு கதவு இருக்கு. யாராச்சும் கண்டாலும் சோறுதானேன்னு விட்டுருவாங்க. பிளாப்பிய கேரியருக்கு அடித்தட்டுல வச்சுக்க. கையில வச்சுக்கிட்டு வராத."

அவன் இதையெல்லாம் வழியிலேயே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறான். ஒவ்வொன்றும் ஒழுங்காக வந்தது.

"முன்வாசல்ல வந்தா?"

"விளையாடுறியா நீ? கொழுந்தெடுக்குற பொம்பள ஆபிஸ் முன்வாசல்ல எதுக்கு ஏறுறா?"

"வேல செய்ய."

அன்டன் அவளைப் பார்த்தான். சிசிலி அப்போதுதான் படியேறி வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் நின்றாள். கேட்டவரைக்கும் கேட்டிருந்தாள்.

"ஏங்க," என்றாள் ஜெனிதா. "நான் முன்னால வாறேன். வந்து, இத நான்தான் செஞ்சேன்னு துரைகிட்டச் சொல்றேன். நீங்க பக்கத்துல நில்லுங்க. கேக்குறத எல்லாம் செஞ்சு குடுக்குறேன். பங்களாப் படமும் போடுறேன். மத்தத அப்புறம் பாத்துக்குவோம்."

"அப்ப நான் என்னா ஆவுறது?"

"ஒண்ணும் ஆவ மாட்டீங்க."

"மேடையில ஏறுனவன் நான்." அவன் குரலைத் தாழ்த்தினான். பக்கத்து வீட்டுக் காம்பரா அறையில் ஆள் இருந்தது. "துரை என்னைய என்னான்னு கூப்பிட்டாருன்னு தெரியுமா? மிஸ்டர் அன்டன். எங்க அப்பன் சாகுற வரைக்கும் இந்தத் தோட்டத்துல அவனை 'டேய்'யின்னுதான் கூப்பிட்டாங்க. காச்சல்ல கெடக்கும்போதும் 'டேய்'தான். இன்னைக்கு நீ வந்து நான்தான் செஞ்சேன்னு சொன்னா, அவரு என்னைய என்னான்னு கூப்பிடுவாரு? பொண்டாட்டி படிச்சதக் காட்டி ஏமாத்துனவன். திரும்ப எனக்கு அந்த வாட்டுற தட்டுகூட இல்ல, ஜெனி. வெளியிலதான்."

அது பொய்யில்லை. அதனால்தான் அது அவளை நெரித்தது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். குடித்துவிட்டு அடிக்கிறவன் என்றால் அவள் கோபத்தை ஊரே ஏற்றுக்கொள்ளும். இவன் மூட்டை தூக்கிக் களைத்து, மாலை ஸ்டேஷனில் அவளுக்காக இரண்டு வடையைப் பேப்பரில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றவன். இவன் மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"போய்ட்டு வா புள்ள" என்றாள் சிசிலி.

ஜெனிதா திரும்பினாள். "மாமி, அத நான் செஞ்சேன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரிஞ்சா என்னா? நான் எடுத்த கொழுந்து எனக்குத் தெரியாதா?" சிசிலி மேல்படிக்கு வந்து சுவரில் கை ஊன்றினாள். "ஒங்க மாமா இருந்த வரைக்கும் ஆபிஸ் ஜன்னல் எந்தப் பக்கம் தொறக்கும்னு எனக்குத் தெரியாது. அவரு கண்ண மூடுன மாசத்துல இருந்து இவன் போய் வாங்கியாறான். நான் என்னா செத்தா போயிட்டேன்?"

அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யும், மலை வழுக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"குவாட்டர்சுல கக்கூசு உள்ளுக்கே இருக்குதாம்" என்றாள் பிறகு. குரல் இறங்கிவிட்டது. "போன மழையில லயத்துக்குப் பின்னால விழுந்தேனே, அன்னையில இருந்து இந்தக் காலு மடக்க முடியல. கதவு போட்ட ஒரு கக்கூசு. வேற என்னா கேட்டேன் நான்?"

அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்க்கிறவள் ஜெனிதாதான். எங்கே தொட்டால் வலிக்கும் என்று சிசிலியைவிட அவளுக்குத் தெரியும்.

திரையில் நின்ற கை இந்தக் கைதான். இன்று பின்னேரம் கொழும்பு ஆட்கள் அதைப் பார்த்துத் தலையாட்டப் போகிறார்கள். இந்தக் கையும் அந்த ஜன்னலுக்குள் போனதில்லை. நானும் போகாவிட்டால், நாளைக்கு எனக்கு ஒரு மகள் பிறந்து, அவளும் கேரியருக்கு அடியில் எதையாவது வைத்துக்கொண்டு குசினிக் கதவைத் தட்டுவாள். அவளிடமும் நான், 'போய்ட்டு வா புள்ள' என்பேன். இதே குரலில். இதே சுவரில் கை ஊன்றிக்கொண்டு.

"நேரமில்ல" என்றான் அன்டன்.

அவனே காம்பராவுக்குள் போனான். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து டீச்சர் கொடுத்த எழுத்துப் பிளாப்பியை எடுத்தான். கேரியரின் அடித்தட்டில் வைத்து, அதன்மேல் ஒரு பொலித்தீனை மடித்துப் போட்டான். அடுப்புத் தணலில் இருந்த பானையிலிருந்து மேல் தட்டில் சோற்றை அள்ளி வைத்தான். ஆவி பறந்தது.

"சூட்டுல அது கெட்டுப்போயிரும்" என்றாள் ஜெனிதா.

"என்னா?"

"பிளாப்பி. சூடு பட்டா ஒண்ணும் மிஞ்சாது."

அவன் கை அப்படியே நின்றது. ஏமாந்துபோன பிள்ளையின் முகம் அவனுக்கு. இவ்வளவு திட்டம் போட்டவனுக்கு இது தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் தேவை வந்ததே இல்லை.

ஜெனிதா கேரியரை வாங்கினாள். மேல் தட்டைத் தூக்கினாள். பிளாப்பியை எடுத்துப் பாவாடை நுனியில் ஈரம் போகத் துடைத்தாள். வெறும் தட்டில் இரண்டு கரண்டி சோறு போட்டு, பூசணிக்காய்க் கறியை ஓரமாக வைத்தாள். மேலே அவனுக்குப் பிடித்த நெத்தலிப் பொரியல். தட்டுகளை அடுக்கி, கம்பியை இழுத்துப் பூட்டினாள். பூட்டும் சத்தம் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது.

பிளாப்பியைக் கொண்டுபோய் இஸ்தோப்புச் சுவர்மேல், எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்தாள்.

"சோறு இருக்கு" என்று கேரியரை அவன் கையில் கொடுத்தாள். "காலையிலயும் திங்கல நீங்க. கொண்டுபோய்த் தின்னுங்க."

"நீ?"

"ஆபிஸுல என்னையக் கூப்பிட்டா வாறேன். முன்னால. சோத்தோட வரல."

"ஜெனி, இன்னைக்கு ஒரு தடவ."

அவள் கொழுந்தெடுக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்கை எடுத்து இடுப்பில் சுற்றினாள். முடிச்சுப் போட்டாள்.

கீழே பங்களா ரோட்டு வளைவில் ஒரு வாகனம் ஹார்ன் அடித்தது. மறுபடியும் அடித்தது. வெள்ளை நிறம், பெரியது. இந்தத் தோட்டத்து வாகனம் இல்லை. பின்னேரம் வருகிறோம் என்றவர்கள் சோற்று நேரத்துக்கே வந்துவிட்டார்கள்.

அன்டன் ரோட்டைப் பார்த்தான். சுவர்மேல் இருந்த பிளாப்பியைப் பார்த்தான். அதற்கு ஒரு சாண் தள்ளி ஊன்றியிருந்த அம்மாவின் கையைப் பார்த்தான். சிசிலி பிளாப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் சுவரில் லேசாக நகர்ந்தன.

"துரை கேட்டா நான் என்னான்னு சொல்ல?" என்றான் அன்டன். கோபம் எல்லாம் போய்விட்டிருந்தது அவன் குரலில்.

ஜெனிதா கூடையைத் தூக்கி முதுகில் போட்டாள். கயிற்றைத் தலையில் சரிசெய்தாள்.

"மலைக்கு நேரமாச்சுங்க" என்றாள். படியிறங்கினாள்.